உடைந்த பிளேட்டுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கும் என் தங்கைக்கு, இருசக்கர வாகனத்தின் பின்னால் உட்கார்ந்து வரும்போது விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பிளேட் வைத்து, ஸ்குரூ முடுக்கி, பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழாவது மாதம், எங்கும் விழாமல், எதிலும் இடித்துக்கொள்ளாமல், தன் வீட்டு வாசல் படியில் கால் வைத்து ஏறிய நொடியில் அந்த பிளேட் இரண்டாக உடைந்தது. மட்டமான கம்பியை வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். புத்தூர் கட்டுப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார் இன்னொருவர். இரண்டாவது அறுவை சிகிச்சைக்காக அவளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனபோது, "அண்ணே, நான் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கலையே" என்று என்னிடம் சொன்னாள். அந்தச் சொல்லைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், இரும்பு ஏன் அப்படி உடைகிறது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் ரயில்வேயில் 32 ஆண்டுகள் பணியாற்றியவன். அதில் பெரும்பகுதி பொன்மலைப் பணிமனையில், பெட்டிகளின் சக்கர அச்சுகளைச் சோதிக்கும் பிரிவில் கழிந்தது. அச்சின் முனையில் எண்ணெய் தடவி, கேளா ஒலி அனுப்பும் கருவியை அதன் மேல் வைத்து, உள்ளே மயிரிழை அளவு விரிசல் இருக்கிறதா என்று திரையில் பார்ப்பது எங்கள் வேலை. அச்சு பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும், வளைந்திருக்காது, துருவும் இருக்காது. ஆனாலும் சோதிக்காமல் எந்த அச்சையும் ஓட்டத்துக்கு விட மாட்டோம். ஏனென்றால், தாங்கக்கூடிய சுமைதான் என்றாலும் அது லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் உலோகம் உள்ளுக்குள் களைத்துப் போகும். இதை உலோகச் சோர்வு என்பார்கள். கட்டடம் கட்டும் இடத்தில் கட்டுக்கம்பியை வெட்டக் குறடு இல்லாதபோது, கொத்தனார் அதை இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே இழுப்பில் அறுக்க முடியாத கம்பி பத்து வளைப்பில் ஒடிந்துவிடுகிறது. வளைப்பு பெரிதாக இருந்தால் பத்து முறை போதும். கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருந்தால் பல லட்சம் முறை ஆகும். வேறுபாடு அவ்வளவுதான்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆனால் தேய்மானமும் சோர்வும் ஒன்றல்ல. தேய்ந்த கல்லில் தடம் தெரியும், செருப்பின் அடிப்பாகம் மெலிவது தெரியும். சோர்ந்த உலோகத்தில் கடைசி நொடி வரை எதுவும் தெரியாது. எங்கோ ஒரு கீறலின் முனையிலோ, துளையின் விளிம்பிலோ, திடீரென்று கனம் குறையும் மூலையிலோ ஒரு நுண்விரிசல் பிறக்கும். ஒவ்வொரு சுமைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். மீதியிருக்கும் உலோகம் ஒரு நாள் சாதாரணச் சுமையைக்கூடத் தாங்க முடியாத அளவுக்குக் குறைந்துபோகும்போது, படியில் ஏறுவது போன்ற எளிய செயலில் பட்டென்று முறியும். முறிந்த அந்தக் கணத்தில் நடந்த செயலை நாம் காரணமாக நினைக்கிறோம். உண்மையான காரணம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

இந்த அறிவு உலகத்துக்குப் பெரும்பாலும் வந்தது ரயில் அச்சுகளின் வழியாகத்தான். 1842 மே மாதத்தில் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல இரும்பு எப்படி முறியும் என்ற கேள்வி அப்போது பொறியாளர்களை உலுக்கியது. பிறகு 1850-களிலும் 1860-களிலும் ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் ஆகுஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சுமையேற்றி, எவ்வளவு சுமைக்கு எத்தனை சுற்றில் முறிகிறது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணி எழுதிவைத்தார். சுமை குறையக் குறைய ஆயுள் கூடுகிறது என்பதும், எஃகைப் பொறுத்தவரை ஒரு எல்லைக்குக் கீழே சுமை இருந்தால் அது ஏறக்குறைய முறிவதே இல்லை என்பதும் அவருடைய அளவீடுகளிலிருந்துதான் தெரியவந்தன. இன்றைக்கும் பணிமனைகளில் நாங்கள் நம்புவது அந்தக் கணக்கைத்தான்.

உடம்புக்குள் வைக்கும் உலோகத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. நடக்கும்போது இடுப்பு மூட்டில் இறங்கும் விசை, உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இதை உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளைக் கொண்டு ஜெர்மனியில் அளந்திருக்கிறார்கள். தடுக்கி விழப்போய்ச் சமாளிக்கும் கணத்தில் அது எட்டு மடங்கு வரைகூட எகிறுகிறது. அதாவது 60 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்த மூட்டில் 150 கிலோ ஏறி இறங்குகிறது. என் தங்கையின் வலது காலுக்கு மட்டும் நாளொன்றுக்கு 3,000 அடி என்று குறைத்தே வைத்தாலும், அவள் நடக்கத் தொடங்கிய மூன்று மாதத்தில் இரண்டே முக்கால் லட்சம் முறை அந்த பிளேட் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. போதாததற்கு, அது இருப்பது காற்றில் அல்ல. உடம்பின் நீர் உப்பு நீர். உப்பு நீரில் நனைந்தபடியே சுமையேறும் எஃகுக்கு, வோலர் கண்ட அந்தப் பத்திரமான எல்லையை நம்பியிருக்க முடியாது. அரிப்பும் சோர்வும் ஒன்றுக்கொன்று துணைபோகும்.

அப்படியானால் பிளேட் வைப்பதே தவறா என்று யாரும் எண்ண வேண்டாம். முறிந்த எலும்புக்கு வைக்கும் பிளேட் ஆயுள் முழுவதும் சுமக்க வைப்பதல்ல. எலும்பு கூடும் வரை தாங்கிப் பிடிக்க வைப்பது. எலும்பு கூடிவிட்டால் சுமையின் பெரும்பங்கை எலும்பே ஏற்றுக்கொள்ளும், பிளேட்டுக்கு ஓய்வு கிடைக்கும். கூடாவிட்டால், அல்லது கூடத் தாமதமானால், முழுச்சுமையும் பிளேட்டின் மேலேயே நிற்கும். எலும்பு கூடுவதற்கும் பிளேட் களைப்பதற்கும் இடையே நடக்கும் ஓட்டப் பந்தயம் என்றே எலும்பு மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆகவே உடைந்த பிளேட் எல்லாம் மட்டமான பிளேட் அல்ல. பெரும்பாலான நேரங்களில் அது எலும்பு கூடவில்லை என்பதன் அடையாளம். எலும்பு ஏன் கூடவில்லை என்பதற்குச் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், கிருமித்தொற்று, இரத்த ஓட்டக் குறைவு, சீக்கிரமே காலை ஊன்றியது என்று வேறு பல காரணங்கள் இருக்கலாம்.

இங்கேதான் தங்கை சொன்ன சொல் வருகிறது. மருத்துவமனையில் அவளிடம் "மூணு மாசம் கால்ல வெயிட் போடாதீங்க" என்றார்கள். வெயிட் போடாதே என்றால் காலை ஊன்றி உடல் எடையை அதன் மேல் இறக்காதே, ஊன்றுகோலோடு நட என்று பொருள். அவள் புரிந்துகொண்டது, பாரம் தூக்காதே என்று. ஆகையால் அவள் குடம் தூக்கவில்லை, பூக்கூடை சுமக்கவில்லை. ஆனால் இரண்டாம் மாதத்திலிருந்தே வீட்டுக்குள் காலை ஊன்றி நடந்திருக்கிறாள், நாலாம் மாதத்திலிருந்து விடியும் முன் தோட்டத்துக்குப் போய் மணிக்கணக்கில் குனிந்து நின்று பூ எடுத்திருக்கிறாள். சித்திரை, வைகாசியில் மல்லிகை கொட்டும் காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாத குடும்பம் அது. அறிவுரை சொல்லப்படவில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. சொல்லப்பட்ட ஒரு சொல் அவளுக்கு வேறு பொருளில் போய்ச் சேர்ந்தது. எழுதிக்கொடுத்த தாளிலும் அந்த வரி ஆங்கிலத்தில்தான் இருந்தது. எத்தனை வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, எப்போது பாதி எடை, எப்போது முழு எடை, குத்தவைத்து உட்காரலாமா, படி ஏறலாமா என்பதை நல்ல தமிழில், படத்தோடு ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இரண்டாவது அறுவை சிகிச்சையில் பிளேட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து, தொடைக்குள் ராடு போட்டார்கள். நல்லபடியாகக் கூடி வருகிறது. அந்த மருத்துவருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எடுத்த பிளேட் துண்டுகளைக் கேட்டேன். எதற்கு என்று வியந்தார்கள், ஆனால் கழுவிக் கொடுத்தார்கள். வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, நான் பணிமனையில் ஆண்டுக்கணக்கில் பார்த்த அதே காட்சி இருந்தது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் வரிவரியாகக் கோடு விட்டுப் போகுமே, அது போன்ற வளைவு வரிகள் உடைந்த முகத்தில் தெரிந்தன. விரிசல் எங்கே தொடங்கி, எந்தப் பக்கம் நகர்ந்து, எங்கே நின்று நின்று போனது என்பதை அந்த வரிகள் சொல்லும். அவை எல்லாம் எலும்பு முறிவுக்கு நேர் மேலே, ஸ்குரூ போடாமல் விட்ட ஒரு காலித் துளையின் விளிம்பைச் சுற்றித் தொடங்கியிருந்தன. காலித் துளை என்றாலே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. வளைவு ஒரே இடத்தில் குவியாமல் பரவட்டும் என்பதற்காக முறிவின் மேல் இரண்டு மூன்று துளைகளை வேண்டுமென்றே காலியாக விடும் முறையும் உண்டு. துளையின் விளிம்பில் ஒரு சிறு கீறலும் இருந்தது. அது துளையிடும் கருவி வழுக்கியதால் வந்ததா, தொழிற்சாலையில் வந்ததா, பிறகு எடுக்கும்போது பட்டதா என்று என் கண்ணாடியால் சொல்ல முடியாது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் சொல்ல முடியும்.

யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கப் போவதும் இல்லை. என்னை எழுத வைத்தது இதுதான்.

ரயிலில் ஓர் அச்சு ஓட்டத்தில் முறிந்தால், துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு அச்சைப் பொருத்தி வண்டியை அனுப்பிவிட எவருக்கும் துணிவு வராது. அச்சின் முனையில் அதன் எண் குத்தப்பட்டிருக்கும். எந்த ஆலையில் செய்தது, எப்போது எந்தப் பெட்டியில் பொருத்தியது, கடைசியாக யார் சோதித்தது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். உடைந்த முகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஒரே வார்ப்பில் பிறந்த மற்ற அச்சுகளைத் தேடிப் பிடித்துச் சோதிப்பார்கள். தங்கையின் பிளேட்டிலும் எண் இருந்தது. லேசரில் பொடி எழுத்தில் பொறித்திருந்தார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எண் இல்லை. "பிளேட் வைக்கப்பட்டது" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. பெட்டியோடு வரும் ஸ்டிக்கர் செலவுக் கணக்குக்காக மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்பட்டுவிட்டது என்று சொன்னார்கள். அதாவது பணத்துக்குக் கணக்கு இருக்கிறது; யாருடைய காலுக்குள் அது இருக்கிறதோ அவரிடம் ஒரு தடயமும் இல்லை.

எண் எதற்கு உதவும் என்பதற்கு இதய வால்வு ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல், ஓர் ஆண்டில் ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் செயற்கை வால்வு ஒரு முறை திறந்து ஒரு முறை அறைந்து மூடும். அதனால்தான் உலோக வால்வுகளைச் சோதனைக் கருவியில் 40 கோடி முறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும் என்ற தரநிலை வந்தது. இரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் பத்தாண்டுத் துடிப்பைக் கணக்கிட்டு ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். பியோர்க்–ஷைலி என்ற வால்வின் ஒரு வகை 1979 முதல் 1986 வரை உலகம் முழுவதும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. உள்ளே அசையும் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மெல்லிய கம்பிக் கொக்கி, வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. சிலருக்கு அந்த இடத்தில் சோர்வு விரிசல் விட்டுக் கொக்கி முறிந்தது, தட்டு நழுவியது, பலர் இறந்தனர். 1986-இல் அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் வால்வு ஏற்கெனவே இதயத்துக்குள் இருப்பவர்களை என்ன செய்வது? எந்த அளவு, எந்த ஆண்டு, எந்தத் தொகுதி வால்வு அதிகம் முறிகிறது என்று முறிந்தவற்றைத் திரட்டிப் பார்த்துத்தான், யாருக்கு மறு அறுவை சிகிச்சை செய்வது நல்லது, யாரை அப்படியே விடுவது நல்லது என்று முடிவெடுக்க முடிந்தது. பதிவு இல்லாதவருக்கு அந்த முடிவை எடுக்கவே வழியில்லை.

நம் நாட்டின் சித்ரா வால்வு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்திய மாதிரிகள் சோதனையில் தோற்ற பின், தட்டைப் பிடிக்கும் கொக்கிகளைப் பற்றவைக்காமல், வளையத்தோடு சேர்த்து ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்தெடுக்கும் வடிவத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தோற்ற மாதிரிகளைத் தூக்கி எறியாமல் ஏன் தோற்றன என்று பார்த்ததால் கிடைத்த வடிவம் அது. அதை நினைக்கும்போதெல்லாம், அச்சு சோதித்தவன் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பதிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு 2010-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அது சோர்வால் முறிந்ததல்ல, உலோகம் உலோகத்தோடு உராய்ந்து தேய்ந்த துகள்கள் உடம்பில் சேர்ந்த கதை. ஆனாலும் நாம் பார்க்க வேண்டியது வேறு. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தும், பிற்பாடு அவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. சுவீடனில் 1975-இல் முழங்கால் மூட்டுக்கும் 1979-இல் இடுப்பு மூட்டுக்கும் நாடு தழுவிய பதிவேடு தொடங்கிவிட்டார்கள்.

நம்மிடம் சட்டமும் ஏற்பாடும் இல்லாமல் இல்லை. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல் வந்து 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன. கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய, காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தின் பொறுப்பில் மெட்டீரியோ விஜிலன்ஸ் என்ற திட்டம் 2015 ஜூலை முதல் நடக்கிறது. அதற்கு மருத்துவர், செவிலியர் மட்டுமல்ல, நோயாளியும் எழுதலாம். தங்கையைக் கவனித்த இடத்தில் இதைப் பற்றி நான் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியவில்லை. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-இல் வந்த பிறகு, முன்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த ஏழைகளும் உரிய நேரத்தில் பிளேட்டும் ராடும் பெற முடிகிறது. அது மிக நல்ல செய்தி. ஆனால் உடம்பில் உலோகத்தோடு நடமாடுபவர்கள் கூடக் கூட, அந்த உலோகத்தைப் பற்றிய கணக்கும் கூட வேண்டும்.

இதற்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நம் ஊரில் 1954 முதல் மதுரை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சில கிலோமீட்டர் தொலைவில், திருப்பரங்குன்றத்தில், 1957 முதல் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. உடைந்த எஃகைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களும், படிக்க ஆசைப்படும் மாணவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் உலகுக்குச் செய்து அனுப்பும் ஊர் இது. உடம்புக்குள் வைக்கும் பொருளை எத்தனை கவனமாகச் செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும் என்பது இங்கே தெரியாத செய்தி அல்ல. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் உடைந்த நிலையில் எடுக்கப்படும் பிளேட், ராடு, ஸ்குரூ, மூட்டு எதுவாயினும், நோயாளியின் பெயரை நீக்கி, எண்ணையும் எக்ஸ்ரே படத்தையும் சேர்த்து, ஒரே இடத்துக்கு அனுப்பி ஆராய ஓர் ஏற்பாடு செய்தால், ஐந்தாண்டில் எந்த வகை, எந்த இடத்தில், எதனால் உடைகிறது என்று மருத்துவர்களுக்கே தெளிவான விடை கிடைக்கும். துளையிடும்போது கீறாமல் பார்ப்பதா, பிளேட்டை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்துப் பொருத்துவதைத் தவிர்ப்பதா, ஊன்றுகோல் காலத்தை நீட்டுவதா, உலோகத்தின் தரத்தைக் கேள்வி கேட்பதா என்பது அப்போது ஊகமாக இருக்காது.

இதை மருத்துவர்களைக் குற்றக் கூண்டில் நிறுத்தும் முயற்சியாக யாரும் கொள்ளக் கூடாது. அச்சு முறிந்தால் முதலில் ஓட்டுநரைப் பிடித்து நிறுத்திய காலம் ரயில்வேயிலும் இருந்தது. அச்சைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் முறிவுகள் குறைந்தன. பழி வரும் என்ற அச்சம் இருக்கும் வரை உடைந்த துண்டுகள் குப்பைக்குத்தான் போகும். எனவே ஆய்வு வேறு, வழக்கு வேறு என்று அந்த ஏற்பாட்டிலேயே தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

அதுவரை, உங்கள் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது பிளேட், ராடு, மூட்டு, ஸ்டென்ட், பேஸ்மேக்கர் எது வைத்தாலும், வீட்டுக்குக் கிளம்பும் முன் அதன் ஸ்டிக்கரில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். குறைந்தது கைப்பேசியில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். வெயிட் போடாதே என்றால் காலை ஊன்றாதே என்றா, பாரம் தூக்காதே என்றா என்று திருப்பிக் கேளுங்கள். பிளேட் வைத்த இடத்தில் மாதக்கணக்கில் வலி நீடித்தாலோ, புதிதாக வலி தொடங்கினாலோ, பழகிவிடும் என்று இருந்துவிடாமல் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடிவிட்டதா என்று பாருங்கள்.

தங்கையின் பிளேட்டின் இரண்டு துண்டுகளும், உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசிவிடாதபடி தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி, என்னிடம் இருக்கின்றன. அவற்றை ஆராய முன்வரும் கல்லூரி எதுவானாலும், எக்ஸ்ரே படங்களோடு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற அச்சு ஆய்வாளர்,
மதுரை.